லெனார்ட் எழுதி வைத்த குறிப்பு

அன்புள்ள கயலுக்கு,

உன் திரைக்கதையின் முதல் வரைவைப் படித்து முடித்துவிட்டேன். கண்டக்டர் தாத்தா வருகிற இடமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. சந்தைக் காட்சியைப் படித்துவிட்டு உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு இடித்தது ஒரே ஓர் இடம்தான். தனக்கு மறதி ஆரம்பித்திருப்பதை அந்தப் பெரியவர் மகனிடம் மறைக்கிறார். ஏன் என்று மருமகள் கேட்டால், "அது அந்த வியாதியோட குணம்மா" என்று டாக்டர் சொல்கிறார். காட்சி முடிந்துவிடுகிறது. போனில் இதைக் கேட்டதற்கு, "மெமென்டோவிலயும் அதானேப்பா, மறதிக்காரன்தானே மறைக்கிறான்" என்றாய். போனில் பதில் சொன்னால் என்னை முடிக்கவிட மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் மறதி எதையும் மறைக்கவில்லை. மறைப்பது லெனார்ட் ஷெல்பி. அதுவும் எல்லாம் நினைவில் இருக்கிற ஒரு சில நிமிடங்களில், தெரிந்தே செய்கிறான்.

கிறிஸ்டோபர் நோலன் 2000-இல் எடுத்த படம். புதிதாக எதையும் கொஞ்ச நேரத்துக்கு மேல் நினைவில் வைக்க முடியாத லெனார்ட், போட்டோக்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு தன் மனைவியைத் தாக்கியவனைத் தேடுகிற கதை. வண்ணக் காட்சிகள் பின்னோக்கி நகரும், கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வரும், இரண்டும் கடைசியில் ஓரிடத்தில் சேரும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எடிட்டிங் உன் பாடம். என் பாடம் வேறு. லெனார்ட் தலையில் அடிபடுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளைம்களை விசாரிக்கிறவன். நானும் கிளைம் பிரிவில் இருந்துதான் ரிட்டயர் ஆனேன். சட்டையைக் கழற்றி அவன் பச்சை குத்தியதைக் காட்டும்போது எல்லோரும் உடம்பைப் பார்த்தார்கள். நான் பார்த்தது ஒரு ஃபைல். நெஞ்சில், கையில், தொடையில் என்று வரிசையாகக் குறிப்புகள்.

ஃபைல் எப்படி வேலை செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கிளைம் மனுதாரரை முடிவெடுக்கும் அதிகாரி பெரும்பாலும் நேரில் பார்ப்பதே இல்லை. தனக்கு முன்னால் இருந்தவர் போட்டுவிட்டுப் போன நோட்டைப் பார்ப்பார். "விசாரித்ததில் சந்தேகத்துக்கு இடமுள்ளது" என்று யாரோ ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அடுத்து வருகிறவர் எல்லோரும் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தேதான் படிப்பார்கள். யார் எழுதினார், அன்றைக்கு என்ன மனநிலையில் எழுதினார் என்பதெல்லாம் ஃபைலில் இருக்காது. லெனார்டுக்கும் அதே நிலைமைதான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவன் புதிதாகச் சார்ஜ் எடுக்கும் அதிகாரி. முன்னால் இருந்தவனும் அவன், பின்னால் வரப்போகிறவனும் அவன்.

இனி அந்தக் கடைசிக் காட்சியை ஒரு கிளைம் ஆசாமியாகப் பார். பாழடைந்த கட்டடத்தில் ஜிம்மி என்பவனைக் கொன்றுவிட்டு நிற்கிறான் லெனார்ட். டெடி என்கிற போலீஸ்காரன் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறான். "உன் மனைவியைத் தாக்கியவனை நீ எப்போதோ கொன்றாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் உன்னைப் போட்டோ எடுத்ததே நான்தான். உனக்கு அதுவும் நினைவில் இல்லை, அதனால் திரும்பத் திரும்பத் தேடுகிறாய். உன் மனைவி அந்தத் தாக்குதலில் சாகவே இல்லை. இன்சுலின் கதை சாமி ஜான்கிஸின் கதை இல்லை, உன் கதை." இப்படியே போகிறது. சாமி, லெனார்ட் முன்பு விசாரித்த ஒரு மறதி நோயாளி. அவன் மறதியைச் சோதிக்க மனைவி திரும்பத் திரும்ப இன்சுலின் போடச் சொல்லி, கோமாவில் விழுந்து மீளவே இல்லை என்பது லெனார்ட் சொல்லி வந்த கதை. இதில் எது நிஜம் என்று படம் அடித்துச் சொல்வதில்லை. மனநலக் காப்பகத்தில் சாமி உட்கார்ந்திருக்கும் காட்சியில் கண் இமைக்கும் நேரத்துக்கு அந்த நாற்காலியில் லெனார்ட் தெரிவான், பார்த்திருப்பாய். அவ்வளவுதான் சாட்சி. தன் மனைவிக்குச் சர்க்கரை வியாதி இருந்தது என்பதைக்கூட லெனார்ட் மறுக்கிறான்.

டெடி சொல்வது உண்மையோ பொய்யோ, அதைக் கேட்ட பிறகு லெனார்ட் என்ன செய்கிறான்? ஜிம்மியின் போட்டோவை எரிக்கிறான். தான் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பழைய போட்டோவையும் எரிக்கிறான். டெடியின் போட்டோவுக்குப் பின்னால், இவன் பொய்களை நம்பாதே என்று எழுதுகிறான். டெடியின் கார் நம்பரை, தான் தேடுகிறவனின் கார் நம்பர் என்று பச்சை குத்த வேண்டிய தகவலாகக் குறித்துக்கொள்கிறான். போலீஸ் ரிப்போர்ட்டில் சில பக்கங்கள் காணாமல் போனதற்கும் நீதான் காரணம் என்று டெடி சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள். ஆவணத்தை அழிப்பது, பக்கத்தை உருவுவது, பொய் நோட் போடுவது. எந்த ஆபீசாக இருந்தாலும் இதற்குச் சஸ்பென்ஷன் உறுதி. இதை மறதி என்று எந்த விசாரணை அதிகாரியும் எழுத மாட்டார்.

ஏன் செய்தான்? தேடுவதற்கு ஆள் இல்லாமல் போனால் வாழ்வதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும், அதனால் செய்தான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தப்பில்லை. மனைவியின் சாவில் தனக்குப் பங்கு உண்டு என்கிற எண்ணத்தை ஒரு நாள்கூடத் தாங்க முடியாது என்பதும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் முன்னால் அங்கே கோபம் இருக்கிறது என்பது என் கட்சி. டெடி அவனை ஏவி விட்டு வேலை வாங்கியிருக்கிறான். ஜிம்மியின் காதலி நடாலியும் வீட்டில் இருக்கிற பேனாவையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு, அவன் மறக்கிற வரை காத்திருந்து வேலை வாங்குவாள், ஆனால் அது இதற்குப் பிறகு நடப்பது. டெடியிடம் ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடத்தில், இத்தனை நாள் டெடி பயன்படுத்திய அதே பலவீனத்தை லெனார்ட் தானே பயன்படுத்துகிறான். இப்போதே டெடியைச் சுட்டால் அவன் கொலைகாரன். குறிப்பு எழுதிவைத்துவிட்டு மறந்தால், நாளைக்குச் சுடுகிறவன் மனைவிக்காக நியாயம் கேட்கிற நல்லவன். உண்மையை மறைத்ததில் அவனுக்குக் கிடைத்த லாபம் அதுதான். குற்றம் செய்கிறவனுக்குக் குற்ற உணர்வே இருக்காது. இந்த இடத்தில் நான் அவனை மன்னிக்கத் தயாராக இல்லை. நீ அவன்மேல் பரிதாபப்படுகிறாய் என்று தெரியும். வயசு அப்படி.

இதில் இன்னொரு விஷயம், நீ சட்டென்று தாண்டிப் போயிருப்பாய். சாமியின் கிளைமை நிராகரித்தது யார்? லெனார்ட்தான். அதே பொருட்களைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லி, சிலவற்றில் மின்சாரம் பாய்ச்சிச் சாமியைச் சோதிப்பார்கள். நினைவு போனாலும் பழக்கமாவது படிய வேண்டும், படியவில்லை, அதனால் கோளாறு மூளையில் இல்லை, மனசில்தான், பாலிசியில் அது வராது என்று கை கழுவிவிடுவார்கள். லெனார்டுக்குப் பதவி உயர்வு.

அந்தச் சோதனைக்குப் பின்னால் நிஜமான விஞ்ஞானம் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டில், வலிப்பு நோய்க்காக ஹென்றி மோலைசனுக்கு மூளையின் இரு பக்கமும், நினைவைப் பதிக்க உதவுகிற ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர். அதன் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் இப்போதுதான் முதல்முறை வரைகிறேன் என்றே அவர் நினைத்தார், கை மட்டும் தேறிக்கொண்டே வந்தது.

அதற்கும் முன்னால், 1911-இல் ஜெனிவாவைச் சேர்ந்த உளவியலாளர் கிளாபரேட், நினைவு தங்காத ஒரு பெண் நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊசியை விரலிடுக்கில் மறைத்து வைத்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். குத்தியது கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மறந்தது. பிறகு கை நீட்டினால் கொடுக்க மாட்டேன் என்று இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், சில பேர் கையில் ஊசி வைத்திருப்பார்களே என்கிற மாதிரி ஏதோ ஒரு காரணம் சொன்னாள். பார்த்தாயா, அவள் எதையும் மறைக்கவில்லை. கை அறிந்ததற்கு வாய் ஒரு காரணம் தேடுகிறது, அவ்வளவுதான். நீண்ட நாள் குடியாலும், பி1 சத்துக் குறைவாலும் வருகிற கோர்சகாஃப் நோயில் இது நிறைய நடக்கும். நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டால், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறவர் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கதையைச் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. உன் டாக்டர் சொல்கிற 'வியாதியோட குணம்' இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் பொருந்தும், லெனார்டுக்குப் பொருந்தாது. உன் கண்டக்டருக்கும் பொருந்தாது.

நம்மூரில் இந்தப் படத்தின் பாதிப்பில் 2005-இல் கஜினி வந்தது. முருகதாஸ் பச்சை குத்துவதையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டார், தனக்குத்தானே சொல்லும் பொய்யை மட்டும் விட்டுவிட்டார். சஞ்சய் ராமசாமி தேடுகிற ஆள் நிஜமாகவே குற்றவாளி, அவன் உடம்பில் எழுதியிருப்பது உண்மை. ஆனால் ஒன்று கவனி. அந்தப் படத்திலும் மறைத்தல் உண்டு. நினைவு நன்றாக இருக்கிற காலத்தில், தான் பெரிய முதலாளி என்பதைக் கல்பனாவிடம் மறைத்துச் சாதாரண ஆளாகப் பழகுவான். காரணம் காதல், கொஞ்சம் விளையாட்டு. பள்ளிக்கூட நாளில் நீ அழுதது அந்த மறைத்தலுக்காகத்தான், பதினைந்து நிமிட மறதிக்காக இல்லை.

சரி, உன் பெரியவருக்கு வருவோம். அவருக்கு மறதி ஆரம்ப நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் பலருக்குத் தங்களுக்கு ஏதோ ஆகிறது என்று தெரியும். மறைக்கிற வேலையை அவர்கள் திறமையாகவே செய்வார்கள். கேள்வி கேட்டால் பக்கத்தில் இருக்கிற மனைவியின் பக்கம் தலையைத் திருப்புவார்கள், அவள் பதில் சொல்லிவிடுவாள். டாக்டர்கள் இதை ஓர் அறிகுறியாகவே கவனிப்பார்கள். பெயர் மறந்தால் "தம்பி", "ராசா" என்று பொதுவாகக் கூப்பிட்டுச் சமாளிப்பார்கள். "உனக்குத் தெரியாதா, நீயே சொல்லேன்" என்று கேள்வியைத் திருப்பி விடுவார்கள். உன் காட்சிகளில் இதையெல்லாம் வை. மருமகளுக்கும் டாக்டருக்கும் பேச்சே தேவைப்படாது.

காரணத்தை மட்டும் நீ தேடியாக வேண்டும். அவர் ஆயுசு முழுவதும் தோல் பையில் சில்லறை வைத்து, ராத்திரி டிப்போவில் பைசா குறையாமல் கணக்கு ஒப்படைத்தவர். அவர் எதற்குப் பயப்படுவார்? பென்ஷன் புத்தகம் மகன் கைக்குப் போய்விடும் என்றா, மகன் அவர் கணக்கைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவான் என்றா, தன் பெண்டாட்டிக்கு முன்னால் சின்னப் பையன் மாதிரி நிற்க வேண்டி வரும் என்றா? என் மேஜைக்கு வந்த பேப்பர்களில், பாலிசி எடுத்தபோது போட்ட கையெழுத்துக்கும் பத்து வருஷம் கழித்துப் போட்ட கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தவை உண்டு. சில பேர் கையெழுத்து தப்பிவிடும் என்று பயந்து, அடிபட்ட கை என்று சொல்லி ரேகை வைத்துவிட்டுப் போவார்கள். உன் ஆள் அப்படி வைப்பாரா, மாட்டாரா? எனக்கு என்னவோ, கட்டை விரலில் மை தடவிக்கொள்வதைவிடப் பணமே வேண்டாம் என்று எழுந்து போகிற ஆளாகத்தான் படுகிறார். ஆனால் நீதான் அவரைப் பெற்றவள், நீ சொல்.

பதினான்காவது காட்சியில் அவர் பழைய டிக்கெட் கட்டை எரிக்கிறார் இல்லையா? அங்கே உனக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இப்போது அவர் குழப்பத்தில் எரிப்பதாக எழுதியிருக்கிறாய். தெளிவாக இருக்கும்போது எரித்தால் என்ன ஆகும் என்று யோசி. அடுத்த வாரம் மகனோடு சேர்ந்து அவரும் அதைத் தேடுவார், நிஜமாகவே தேடுவார். படம் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வரைவைத் தாளில் அச்செடுத்துத் தபாலில் அனுப்பு. போன் திரையில் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. அம்மா முறுக்கு மாவு திரித்து வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். ராத்திரி வேலை அதிகம் வைத்துக்கொள்ளாதே. கதையில் டாக்டர் எதற்கு என்று உன் எடிட்டர் கேட்டால், அப்பாவும் அதையேதான் கேட்டார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா