மிச்சப் பாடநூல்கள் போய்ச் சேர உதவியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளி நூலகத்தின் பின்னறையில் கிடந்த உபரிப் பாடநூல்கள் கடைசிக் கட்டு வரை போய்ச் சேர்ந்துவிட்டன. காலி அலமாரியைப் பார்த்ததும் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி, "இது வேண்டாம் சார்" என்று சொன்ன மாலைநேரப் படிப்பு மையத்து அம்மாவுக்கு. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "பழைய பாடத்திட்டத்தைப் படித்தால் பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுவார்கள். கணக்கு, இலக்கணம், அகராதி இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள்" என்றார். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு நூலையும் பிரித்துப் பார்த்தோம். ஒன்பது கோள்கள் என்று சொல்லும் அறிவியல் நூல்கள் இருந்தன. புளூட்டோ அந்த வரிசையிலிருந்து நீங்கியது 2006-இல். 2011-இல் தனிநாடான தெற்கு சூடான் இல்லாத வரைபட நூல்களும் கிடைத்தன. அவற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. படங்களை மட்டும் கைவேலை வகுப்புக்கு எடுத்துக்கொண்டோம்.

கையிருப்புப் பதிவேட்டில் வரி வரியாகக் கழித்து, ஒவ்வொன்றிலும் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்திய அலுவலக அண்ணனுக்கு நன்றி. வெறும் பள்ளி முத்திரையோடு ஒரு புத்தகம் வெளியே போனால், வைத்திருக்கும் பிள்ளையைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்தச் சங்கடம் இனி யாருக்கும் வராது.

அப்புறம், எட்டாம் வகுப்புச் செல்லங்களே! பென்சிலில் எழுதியிருந்த விடைகளையெல்லாம் பக்கம் பக்கமாக அழித்தீர்கள். பின்னக் கணக்குப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ, "இது கஷ்டம், மெதுவாகப் போடு" என்று எழுதியிருந்தார்கள். "இதையும் அழிக்கணுமா சார்?" என்று கேட்டாளே ஒருத்தி, அவளுக்குத் தனி நன்றி. அந்த வரி அப்படியே போயிருக்கிறது.

வண்டி ஓட்டி வந்த தம்பி, பெரிய பெட்டியில் அடைத்தால் அடி விட்டுவிடும் என்று சொல்லி, எல்லாவற்றையும் சின்னக் கட்டுகளாக மாற்றிக் கட்டினார். மாடிப்படியில் ஏற்றியதும் அவரேதான்.

முதியோர் எழுத்தறிவு வகுப்பிலிருந்து நேற்று பேசினார்கள். எழுத்து பெரிதாக இருக்கும் ஒன்றாம் வகுப்பு மொழிநூல் இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். ஆண்டுத் தேர்வு முடியட்டும், எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
நூலகப் பொறுப்பாசிரியர்