சூடானதும் ஆடும் இன்ஜின்: பழைய பென்ஸ் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"காலையில் ஸ்டார்ட் செய்தால் அழகாக ஓடுகிறது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரைக்கும் நடுங்குகிறது." 190ஈ, 230ஈ, 300ஈ வைத்திருப்பவர்களிடம் நாங்கள் அதிகம் கேட்கும் புகார் இதுதான். கூடவே பலர் இன்னொன்றும் சொல்கிறீர்கள்: "வெளியே ஒருத்தர் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிவிட்டார், இரண்டு நாள் நன்றாக இருந்தது." அதற்காகத்தான் இந்த மடல். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ அது. தயவுசெய்து அதில் முதலில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

இந்த வண்டிகளில் இன்ஜினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் சிஸ்டம் போஷ் கே-ஜெட்ரானிக், அல்லது அதற்குப் பின் வந்த கேஈ-ஜெட்ரானிக். இன்றைய வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் விட்டு விட்டுத் திறக்கும். இதில் இன்ஜின் ஓடும்வரை பெட்ரோல் நிற்காமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பெட்ரோல் என்பதை ஒரு வட்டத் தகடு முடிவு செய்கிறது. உள்ளே போகும் காற்று அதை எவ்வளவு தள்ளுகிறதோ, அந்த அளவுக்கு பெட்ரோல். ஆனால் தகட்டைத் தாண்டிய பிறகு ஏதாவது வெடிப்பு வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது, அதற்குரிய பெட்ரோலும் வராது.

குளிர்ந்த இன்ஜினுக்கு சிஸ்டமே கூடுதல் பெட்ரோல் கொடுப்பதால் அந்தக் கள்ளக் காற்று மறைந்துபோகிறது. சூடேறியதும் கூடுதல் நிற்கிறது, குறை வெளியே வருகிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதனால் ஊசி நுழையும் ஓட்டைகூட அங்கே பெரிய விஷயம். ஹைவேயில் தெரியாதது சிக்னலில் தெரிவது இதனால்தான்.

சமீபத்தில் ஒரு 300ஈ வந்தது. வேறொரு இடத்தில், எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றியிருந்தார்கள், பெரும் செலவு. ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. சூடான இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் துளித்துளியாக கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். கசிவு இருந்தால் ஸ்ப்ரே அந்த வழியாக உள்ளே போய்ப் பெட்ரோல் போல எரியும். மூன்றாவதுக்கு வந்ததும் இன்ஜின் ஒரு நொடி அமைதியானது, அப்புறம் மறுபடி ஆட்டம். இன்ஜெக்டரைக் கழற்றினால், அதைச் சுற்றியிருந்த ரப்பர் ஓரிங் கருகி பிளாஸ்டிக் போல இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளியதும் பொடிப்பொடியாக உடைந்தது. ஆறு ஓரிங்கையும் மாற்றினோம், ஐடிலிங் ஆடாமல் சீரானது. (இந்த ஸ்ப்ரே சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும். நாங்கள் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறோம்.)

ஓரிங் மட்டுமல்ல. காற்றுத் தகட்டுக்குக் கீழே இருக்கும் பெரிய ரப்பர் பூட், ஐடில் வால்வுக்குப் போகும் ஹோஸ், பிரீதர் ஹோஸ் எல்லாமே முப்பது வருடச் சூட்டில் வெந்தவை. மேலே பார்த்தால் நல்லபடியாகவே தோன்றும், வளைத்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு. இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 2023-ல் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். அதோடு, சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோதான் தேவை. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துக் கலவையைச் சரிசெய்ய உதவும் லாம்டா சென்சார் இல்லாத வண்டிகளுக்கு இந்த மாற்றம் தெரியாது. ஏற்கெனவே காற்று மிஞ்சி ஓடும் இன்ஜினில் இன்னும் கொஞ்சம் காற்று மிஞ்சும்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றைப் பார்ப்போம். டெம்பரேச்சர் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் காட்ட வேண்டும். சூடான பிறகும் அதிகம் காட்டினால், இன்ஜின் இன்னும் குளிரில் இருப்பதாக நினைத்து சிஸ்டம் பெட்ரோலைக் கொட்டும், பிளக் கறுக்கும். பழைய 230ஈ-யில், இன்ஜின் சூடேறும்வரை கூடுதல் பெட்ரோல் கொடுக்க வைக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டரின் பிரஷர், சூடானதும் 3.5 பார் சுற்றி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அங்கேயும் பெட்ரோல் மிகுதிதான். கேஈ வண்டியில் ஆட்டத்தோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால், பேட்டரிக்குப் பின்னால் இருக்கும், மின்னழுத்தம் கூடினால் எலக்ட்ரானிக்ஸைக் காக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலேயையும் அதன் தலையிலுள்ள பியூஸையும் முதலில் பாருங்கள். மிக்சர் ஸ்க்ரூ கடைசி வேலை, அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடேறி, கலவையைக் காட்டும் மீட்டர் மாட்டிய பிறகு. கசிவு இருக்கும்போது ஸ்க்ரூவைத் திருகி இன்றைக்குச் சமாளித்தால், பிறகு கசிவை அடைக்கும்போது பெட்ரோல் மிகுந்து வேறு புகார் தொடங்கும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் டிப்ஸ்டிக்கை மெல்ல வெளியே எடுங்கள். நல்ல இன்ஜின் என்றால் அந்த வழியாகக் காற்று புகுந்து ஐடிலிங் சற்றுத் தடுமாறும். ஒன்றுமே ஆகவில்லை என்றால், வேறு எங்கோ ஏற்கெனவே காற்று தாராளமாகப் போகிறது.

பட்டறைக்கு வருவதானால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை காலையில் நாங்களே ஸ்டார்ட் செய்து, ஆட்டம் எந்தச் சூட்டில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு முன் என்ன பாகம் மாற்றினீர்கள், யாராவது ஸ்க்ரூவைத் திருகினார்களா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து