ரோத்சைல்ட் என்பது ஒரு வீட்டின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பிய வங்கிக் குடும்பங்களைப் பற்றி வந்த கட்டுரையில், ரோத்சைல்ட் குடும்பத்தார் 'சிவப்புக் கேடயம்' என்ற பொருள்படும் பெயரைத் தங்கள் அதிகாரத்தின் சின்னமாகத் தாங்களே சூட்டிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு கற்பித்தவன் நான். இதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

ரோத்சைல்ட் குடும்பத்தார் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து யூதர்கள். அந்த நகரில் 1462 முதல் யூதர்கள் ஒரே ஒரு தெருவில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். யூடன்காசே, அதாவது யூதர் தெரு. முந்நூறு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், கிறிஸ்தவத் திருநாள்களிலும் தெருவின் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். குடும்பங்கள் பெருகப் பெருக, அதே இடத்துக்குள் வீடுகளை மேலே உயர்த்தியும் குறுக்கே பிரித்தும் வாழ வேண்டியிருந்தது. அப்போது வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் இருந்தது: கப்பல், கழுகு, வண்ணக் கேடயம் என்று. விலாசம் அதுதான். நாளடைவில் வீட்டில் இருந்தவர்களையும் அந்த அடையாளத்தாலேயே அழைத்தார்கள். இறந்தபின் கல்லறைக் கல்லிலும் அதே சின்னத்தைச் செதுக்கினார்கள். பிராங்பர்ட்டின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் அப்படிப்பட்ட கற்கள் இன்றும் உள்ளன.

16ஆம் நூற்றாண்டில் சிவப்புக் கேடய வீட்டில் வாழ்ந்தவர் ஐசக் எல்கானன். ரோத்சைல்ட் வம்சம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த நூற்றாண்டில் அவருடைய வழிவந்தவர்கள் அதே தெருவில் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். வீடு மாறினால் பெயரும் மாறுவது அங்கே புதிதல்ல. இவர்களுக்கு மட்டும் பழைய வீட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. வங்கித் தொழிலை நிறுவிய மேயர் ஆம்ஷெல் 1744இல் பிறந்தது சிவப்புக் கேடய வீட்டில் அல்ல. பின்னாளில் அவர் வாங்கிக் குடியேறிய வீட்டின் பெயர் பச்சைக் கேடயம்! பெயரைச் சின்னமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வாதம் இந்த இடத்திலேயே நின்றுபோகிறது.

அவர் பெயரில் உள்ள 'ஆம்ஷெல்' என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். அது அவருடைய அப்பா பெயர். அப்பாவின் பெயர் ஆம்ஷெல் மோசஸ். மோசஸ் என்பது தாத்தா. மேயரின் பிள்ளைகள் ஆம்ஷெல் மேயர், சாலமன் மேயர், நாதன் மேயர் என்று போகிறார்கள். நாம் அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்வது போலத்தான், அவர்கள் அதைப் பின்னால் வைத்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் இந்தப் பெயரே அவர்களுடைய மரபு. நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்பது பெரும்பாலும் அரசுகளின் கட்டாயம். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் ஆணையிட்டார், நெப்போலியன் 1808இல், ஜெர்மானிய அரசான பிரஷ்யா 1812இல். வரி வசூலுக்கும் படைக்கு ஆள் சேர்ப்பதற்கும் பதிவேடு தேவைப்பட்டது. ஆனால் பிராங்பர்ட்டின் வீட்டுப் பெயர்கள் இந்த ஆணைகளுக்கெல்லாம் மூத்தவை.

அதே தெருவில் கறுப்புக் கேடய வீடும் இருந்தது. அந்த வீட்டின் பெயரைத் தாங்கிய குடும்பத்தில் வந்தவர்தான் இயற்பியலாளர் கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு அவர் கண்ட தீர்வு 1916இல் வெளியானது. கருந்துளையைப் பற்றிப் படிக்கும் எவரும் அவர் பெயரைக் கடக்காமல் போக முடியாது. அந்தப் பெயரில் யாரும் சதி தேடுவதில்லை. சிவப்புக் கேடயத்தில் மட்டும் தேடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்தப் பெயரை வைத்து வெறுப்பு வளர்த்ததன் விலையை ஐரோப்பா ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1938இல் நாஜிகள் வியன்னாவுக்குள் நுழைந்ததும் லூயி ரோத்சைல்டைக் கைது செய்து, சொத்துகளை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே விட்டார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருமணத்தால் அந்தப் பெயரைப் பெற்ற எலிசபெத் டி ரோத்சைல்ட் 1945இல் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்தார்.

இன்னொன்று. மேயரின் மனைவி கூட்லே, பிள்ளைகள் லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று பரவிப் பிரபுப் பட்டம் பெற்ற பிறகும், அந்தத் தெரு வீட்டை விட்டுப் போக மறுத்து 1849இல் அங்கேயே காலமானார். அந்த வீடு 1944 குண்டுவீச்சில் அழிந்தது. 1987இல் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது தெருவின் வேறு சில வீடுகளின் அடித்தளங்கள் கிடைத்தன. அவற்றைக் காத்து அங்கேயே அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள்.

ரோத்சைல்ட் என்ற பெயருள்ள எல்லோரும் இந்த வங்கிக் குடும்பத்தின் உறவினர்கள் அல்ல என்பதையும் சேர்த்து, அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி