இனி ‘டி’ போட்டுப் பேச யார்?

அன்புள்ள ஜூடி டென்ச் அம்மா,

2024 செப்டம்பர் 27 அன்று, உங்களைப் போலவே பிரிட்டிஷ் நடிகையான உங்கள் தோழி மேகி ஸ்மித் இறந்துபோனார். அடுத்த ஜனவரியில் இன்னொரு நடிகைத் தோழி ஜோன் ப்ளோரைட்டும் போய்விட்டார். இரண்டு செய்திகளைப் படித்தபோதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் முதலில் வந்தது.

நீங்கள் மூவரும் நடிகை ஐலீன் அட்கின்ஸும் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஜோனின் வீட்டில் உட்கார்ந்து பேசியதை இயக்குநர் ரோஜர் மிட்செல் ஆவணப்படமாக்கினாரே, 2018-இல் வந்ததே, அதை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். ஜோனுக்கு அப்போது பார்வை போயிருந்தது, உங்களுக்கும் மங்கிக்கொண்டிருந்தது. ஆனால் என்ன சிரிப்பு! ஜோன் தன் அமெரிக்க ஏஜென்ட்டின் கதையைச் சொல்வார். ஜூடி டென்ச் இன்னும் கை வைக்காத சின்ன வேடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுவதாக அந்த ஏஜென்ட் சொன்னாராம். அதை உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறார்! வேறு இடமாக இருந்தால் மனஸ்தாபமாகியிருக்கும்.

நடிகைகளுக்குள் ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது என்று எழுதுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உங்களுக்கும் மேகிக்கும் 19 நாள்தான் வித்தியாசம், இருவருமே 1934 டிசம்பர். இருபத்தைந்து வயதில் ஓல்ட் விக் நாடகக் குழுவில் ஒன்றாக இருந்தீர்கள். போட்டி போட இதைவிட என்ன காரணம் வேண்டும்? அப்புறம் ‘எ ரூம் வித் எ வியூ’ படத்துக்கு இருவருமே பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா வாங்கினீர்கள். அவர் நாயகிக்கு, நீங்கள் துணை நடிகைக்கு.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2002. மேகியின் கணவர் 1998-இல் இறந்திருந்தார், உங்கள் மைக்கேல் 2001-இல். அடுத்த ஆண்டு லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் நீங்கள் இருவர் மட்டுமே நடித்த நாடகம். இழப்பைச் சுமந்த இரண்டு தோழிகள், இரவுக்கு இரவு, ஒருத்தி வசனத்தை எடுத்துக் கொடுக்க இன்னொருத்தி பிடித்துக்கொண்டு போவது. அந்த அரங்கின் கடைசி வரிசையிலாவது நான் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு ஹாஸ்டல் காலத்துத் தோழி ஒருவர் இருந்தார். அவர் இறந்த அன்று அம்மா அழவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, “இனி என்னை ‘வாடி’ன்னு கூப்பிட யாரும் இல்ல” என்றார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பிள்ளைகளுக்கு அம்மா, பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி, தெருவுக்கு டீச்சரம்மா. ‘டி’ போடும் உரிமை அந்த ஒருத்திக்குத்தான் இருந்தது. உங்கள் மொழியில் அந்த ‘டி’ கிடையாது. ஆனால் மேகி உங்களை வாரிவிடும்போதெல்லாம் எனக்கு அதுதான் காதில் விழும். உலகம் ‘டேம் ஜூடி’ என்று அரச பட்டத்தோடு கையெடுத்துக் கும்பிடும் ஒருவரை அப்படிக் கேலி செய்ய வேறு யாரால் முடியும்?

போனவர்கள் பெயரில் உங்கள் தோட்டத்தில் மரம் வைப்பீர்கள் என்று தெரியும். மேகிக்காக வைத்த காட்டு ஆப்பிள் மரத்தில், அவருடைய இறுதிச் சடங்கு நடந்த நாளில் ஒரே ஒரு காய் இருந்ததாகவும், அதைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு போனதாகவும் சொன்னீர்கள். அதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் காயை அப்புறம் என்ன பண்ணாங்களாம்?” என்று கேட்டார்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்புடன்,
உங்கள் ரசிகை