மன்னிக்கச் சொல்லுமுன் மன்னிப்புக் கேளுங்கள்: பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையின் துணைத்தலைவர், செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

சென்ற ஞாயிறு மறையுரையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்: நம் பீடத் துணிகளைத் துவைத்துத் தந்த, செய்யாத திருட்டுக்காகப் பங்கின் முன்னால் பழி சுமந்த அம்மாவைப் பற்றித்தான். அந்த அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே எழுத உட்கார்ந்தேன். "பேரு மட்டும் வேண்டாம், ஏற்கெனவே பட்டது போதும்" என்றார். அதனால் பெயரை எழுதவில்லை.

அன்றைய நற்செய்தி மத்தேயு 18:21-35. என் சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது, ஏழு முறையா என்று பேதுரு கேட்கிறார். எழுபது தடவை ஏழு முறை என்கிறார் ஆண்டவர். நீங்கள் நன்றாகத்தான் பேசினீர்கள், ஃபாதர். ஆனால் நடுவில், "நம் பங்கிலும் சிலர் பழையதையே பிடித்துக்கொண்டு மன்னிக்க மனமில்லாமல் இருக்கிறார்கள்" என்றீர்கள். அப்போது எத்தனை தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின என்பதைப் பீடத்தில் நின்ற நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதற்கு முந்தைய ஞாயிறு என்ன வாசித்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். மத்தேயு 18:15-20. திருச்சபை இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் வைத்திருப்பது காரணத்தோடுதான். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் திருச்சபையிடம் சொல். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் மன்னிப்பைப் பற்றிய பேதுருவின் கேள்வி வருகிறது. அந்த ஞாயிறு நீங்கள் கடைசி வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று பேர் கூடிச் செபிப்பதன் வல்லமையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள். தனியாகப் போய்க் கேள் என்ற பகுதி எங்கள் காதுக்கு வரவே இல்லை.

அந்தப் பகுதியைத்தான் நம் பங்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். அன்பியங்களில் (பங்கின் சிறு குடும்பக் குழுக்களில்) வசூலாகும் பராமரிப்பு நிதியில் பணம் குறைகிறது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், "அம்மா, உங்கள் அன்பியத்தில் வசூலான பணத்தை யாரிடம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் போதும், அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் காட்டியிருப்பார். யாரும் போகவில்லை. நேராக மைக் முன்னால் போனீர்கள். நற்கருணைக்குப் பிறகு, அறிவிப்பு நேரத்தில், இரண்டாம் திருப்பலிக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னிலையில், "பீடத் துணிகளைத் துவைத்துத் தருபவர்கள் ஆண்டவருடைய பணத்திலும் கைசுத்தமாக இருக்க வேண்டும்" என்று அறிவிக்கப்பட்டது. பெயரைச் சொல்லவில்லையே என்று பேரவையில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அப்போது நம் பங்கில் பீடத் துணிகளைத் துவைத்தவர் ஒரே ஒருவர்தான். பெயருக்கு அங்கே என்ன தேவை?

பணம் பிறகு கிடைத்தது. கிடைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, காணாமலே போகவில்லை. அது வேறொரு கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது. பேரவைக் கூட்டக் குறிப்பிலும் அது பதிவாகிவிட்டது. ஆனால் அந்தக் குறிப்பு பதிவேட்டுக்குள்ளேயே இருக்கிறது. குற்றச்சாட்டு ஒலிபெருக்கியில் போனது. திருத்தம் அலமாரிக்குள் போய்விட்டது.

அதன் பிறகு அவரைப் பங்கு அலுவலகத்துக்கு வரச்சொல்லி, "சரிம்மா, தெரியாமல் நடந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், மன்னித்துவிடுங்கள்" என்றீர்கள். அவர் சண்டை போடவில்லை. "நீங்க சொன்ன அதே இடத்துல ஒரு வார்த்தை சொல்லிடுங்க சாமி, அது போதும்" என்றுதான் கேட்டார். அதைப் பிடிவாதம் என்றார் ஒருவர், கர்வம் என்றார் இன்னொருவர். அன்று முதல் இந்தப் பங்கில் மன்னிக்காதவர் என்ற பட்டமும் அவருக்குச் சேர்ந்துகொண்டது. முதலில் திருடி, இப்போது கல்நெஞ்சக்காரி. இரண்டுமே பொய்.

உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

அந்த அம்மா இப்போது நற்கருணை வாங்குவதில்லை. நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மனதில் கசப்போடு நற்கருணை வாங்குகிறவர் தமக்கே தண்டனைத் தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறார் என்று அன்பியக் கூட்டத்தில் பேரவை உறுப்பினர் ஒருவர் அவரை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். சிறு வயதிலிருந்து ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவர், குருவானவர் சொல்வதையும் கோவில் பெரியவர்கள் சொல்வதையும் தட்டிப் பேசிப் பழகாதவர். நற்கருணை நேரத்தில் வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்த வரிசையில் இருப்பவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் முழங்கால்களை ஒரு பக்கமாக ஒடுக்கி, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் வழி விடுகிறார். போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை. தாண்டிப் போகிறவர்கள் ஒரு நொடி குனிந்து அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். முன்பு அவர் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொடுத்த துணியை விரித்த பீடத்திலிருந்து எல்லோரும் ஆண்டவரை வாங்கி வருகிறார்கள், அவர் வாங்கவில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தில் "நாங்கள் பொறுப்பது போல" என்ற இடம் வந்ததும் அவர் உதடு நின்றுவிடுகிறது. பொய் சொல்லிச் செபிக்கப் பயமாக இருக்கிறது என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டு என்னால் திருப்பலியில் மனம் ஒன்ற முடியவில்லை.

அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட அந்த வசனம் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தயவுசெய்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். பவுல் யாரைக் கண்டிக்கிறார்? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இறைவனின் சபையை இழிவுபடுத்தி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று 22-ஆம் வசனத்தில் கேட்கிறார். சபை நடுவில் எளியவர்களைத் தலைகுனிய வைத்தவர்களுக்கு வந்த எச்சரிக்கை அது. தலைகுனிய வைக்கப்பட்டவர் மீதே அதைத் திருப்பிவிட்டோம்.

மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதும் இதேதான். காணிக்கை செலுத்த வரும்போது உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு செய்துகொள் என்கிறார். எழுந்து நடக்க வேண்டியவர் மனத்தாங்கலுக்குக் காரணமானவர். லூக்கா 17-இல் ஒரு நாளில் ஏழு முறை மன்னிக்கச் சொல்லும் ஆண்டவர், அவன் ஏழு முறையும் திரும்பி வந்து மனம் மாறிவிட்டேன் என்று சொன்னால் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். நீங்கள் பேசிய உவமையிலும் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவன் முதலில் அரசன் காலில் விழுந்து கெஞ்சினான். நம் பேரவையிலிருந்து இதுவரை யாரும் அந்த அம்மாவின் வாசற்படி ஏறவில்லை.

சிலுவையில் இயேசு யாரும் கேட்காமலே மன்னித்தாரே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். புனிதர்களும் அப்படி மன்னித்திருக்கிறார்கள். அருளாளர் ராணி மரியாவை நாம் அறிவோம். 1995 பிப்ரவரியில் பேருந்திலிருந்து இழுத்துக் கொல்லப்பட்ட அருட்சகோதரி. கொன்றவரைச் சிறையில் போய்ப் பார்த்துக் கையில் ராக்கி கட்டினார் அவருடைய சொந்தத் தங்கை. அந்தக் குடும்பமே அவரைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. அவரும் மனம் மாறினார். எனக்கு அதை நினைத்தாலே கண் கலங்கும். ஆனால் ஒன்றைப் பாருங்கள். நடந்த கொலையை அங்கே யாரும் மறைக்கவில்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, குற்றவாளி சிறையில் இருந்தார், உண்மை ஊருக்கே தெரியும். அதன் மேல் நின்றுதான் அந்தத் தங்கை மன்னித்தார். காயம்பட்டவர் தாமாக முன்வந்து தரும் கொடை அது. காயப்படுத்தியவர்கள் அதை மேடை போட்டு வசூலிக்க முடியாது.

திருச்சபையின் போதனையும் இதுவே. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2487-ஆம் எண்ணில், ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்தவர் மன்னிக்கப்பட்டிருந்தாலும் அந்தக் கேட்டுக்கு ஈடுசெய்யும் கடமை அவருக்கு இருக்கிறது என்று சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1980-இல் எழுதிய இறை இரக்கம் பற்றிய சுற்றுமடலில், செய்த தீமைக்குப் பரிகாரம், இழைத்த அவமானத்துக்கு ஈடு ஆகியவை மன்னிப்புக்கு நிபந்தனைகள் என்று எழுதுகிறார். பின்னாளில் தன்னைச் சுட்டவரைச் சிறையில் போய்ச் சந்தித்து மன்னித்தவர் எழுதியது இது. அதே திருத்தந்தை 2000 மார்ச் 12 அன்று புனித பேதுரு பேராலயத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். அதனால் திருச்சபையின் பெயர் கெட்டுவிடவில்லை. இந்த ஓர் அறிவிப்பால் நம் பங்கின் பெயர் எப்படிக் கெடும்?

இது ஒரு பங்கின், ஒரு பெண்ணின் பிரச்சினை மட்டும் இல்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்ல வரும் பெண்ணிடம், பொறுத்துப் போம்மா, அதுவும் ஒரு சிலுவைதான் என்கிறோம். கூலி பாக்கி வைத்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, கூலி கிடைக்காதவரிடம் போய்ச் சமாதானமாக இருங்கள் என்கிறோம். பாடகர் குழுவில் சண்டை வந்தால் வயதில் சிறியவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். மன்னிப்பைப் பற்றிய மறையுரை எப்போதும் அழுகிறவர் பக்கமே திரும்புகிறது, அழவைத்தவர் நிம்மதியாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். பிறகு, மக்கள் ஏன் வேறு செபக்கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்று பேரவையில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். போனவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் பாதி வீடுகளில் இப்படி ஒரு கதை இருக்கும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபாதர், உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. நோயாளி வீட்டுக்கு நள்ளிரவிலும் ஓடிவந்து அவஸ்தைப் பூசுதல் கொடுக்கிறவர் நீங்கள். அந்த நல்ல மனதை நம்பித்தான் கேட்கிறேன். இறைமக்கள் தங்கள் மனதில் உள்ளதை மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமையையும், சில வேளைகளில் கடமையையும் திருச்சபைச் சட்டம் 212 எங்களுக்குத் தருகிறது. ஒருவரின் நற்பெயரை முறையின்றிக் கெடுக்க யாருக்கும் அனுமதி இல்லை என்று சட்டம் 220 சொல்கிறது. இரண்டையும் நினைத்தே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கே சொன்னீர்களோ அங்கேயே திருத்திச் சொல்லுங்கள். அதே இரண்டாம் திருப்பலி, அதே அறிவிப்பு நேரம், அதே மைக். சுற்றிவளைக்க வேண்டாம். "காணாமல் போனதாக நாங்கள் சொன்ன பணம் எங்கள் கணக்கிலேயே இருந்தது. நம் பீடத் துணிகளைத் துவைத்துத் தந்த அம்மாவிடம் எந்தத் தவறும் இல்லை. சரியாக விசாரிக்காமல் பேசியதற்காகப் பங்கின் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." இந்த மூன்று வாக்கியங்கள் போதும். விருந்தோ பொன்னாடையோ அவருக்கு வேண்டாம். அதற்கு முன் ஒரு மாலை, நீங்களும் பொருளாளரும் மட்டும் அவர் வீட்டுக்குப் போய், நற்கருணை வாங்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். வேறு யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

அவர் மன்னிப்பாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது, அதற்கு நாம் நாள் குறிக்கக் கூடாது. நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது மன்னிப்புக் கேட்பது.

ஞாயிறு அறிவிப்புத் தாள் வெள்ளிக்கிழமை மாலை தயாராகும் என்று தெரியும். இந்த வாரத் தாளிலேயே சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் பங்கு மக்களில் ஒருவர்