முந்திரியைப் படமாக ஒட்டாதீர்கள்

பெங்களூருவில் கல்வெட்டு வாசகங்களையும் பழைய நிலக்கணக்குகளையும் நூலாக்கும் தமிழ் அமைப்புகளின் பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இத்தகைய வாசகங்களையும் ஓலைக் கணக்குகளையும் அச்சிடும்போது நில அளவு, முந்திரி (1/320) போன்ற பின்னம், பற்று வரவு ஆகியவற்றின் குறிகள் வரும். எழுத்துருவில் இல்லை என்று எண்ணி, ஸ்கேன் செய்த துண்டை வெட்டி வரிக்கு நடுவே ஒட்டிவிடுகிறீர்கள். அந்தப் படத்தைத் தேடலில் பிடிக்க முடியாது. நகலெடுத்தால் அந்த இடம் காலியாக வரும். அடிக்குறிப்பில் எழுத்து சிறுத்தாலும் படம் சிறுக்காது. ஒரு பின்னம் காணாமல் போனால் நிலத்தின் அளவே மாறிவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

குறியை நீங்களே வரைவதற்கு முன், எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினி எண் தரும் யூனிகோடு தரத்தைப் பாருங்கள். நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺ ஆகிய எட்டும் 2003-லேயே சேர்ந்துவிட்டன. 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பு மேலும் 51 குறிகளைச் சேர்த்தது. முந்திரி, காணி (1/80), மா (1/20) எல்லாம் அதில் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவில் இவற்றின் வடிவம் கிடைக்கும்.

நாங்கள் அச்சுக்கோக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளில் இதைச் செய்வது எளிது. அதற்கு அடிப்படையான டெக் (TeX) நிரலின் யூனிகோடு அறிந்த வடிவங்களான ஜீடெக் (XeTeX) அல்லது லூவாடெக் (LuaTeX) கொண்டு ஓட்டுங்கள். லூவாடெக் என்றால் எழுத்துகளை இணைத்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) ரெண்டரரைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறிப் போகலாம். எழுத்துருக்களை அறிவிக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் (fontspec) தொகுப்பில் இந்த எழுத்துருவை இரண்டாம் குடும்பமாக அறிவித்து, \முந்திரி என்று ஒரு கட்டளை செய்து, அதற்குள் அந்தக் குடும்பத்தில் அந்தக் குறியை வையுங்கள். நூலின் எழுத்துருவிலுள்ள ‘ப’வின் உயரத்தோடு ஒப்பிட்டு ஸ்கேல் அளவை 0.9, 0.95 என்று மாற்றிப் பாருங்கள்.

கட்டளைக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் வேற்றுமை உருபு வரும் இடத்தில் கவனம் தேவை. \முந்திரிக்கு என்று சேர்த்து எழுதினால் டெக் அதை முழுவதும் வேறொரு கட்டளையாகப் படித்து, அப்படியொன்று இல்லை என்று நின்றுவிடும். \முந்திரி{}க்கு என்று எழுத வேண்டும். கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டாலும் டெக் அதை விழுங்கிவிடும். அதற்கும் இந்த வெற்று அடைப்புதான் மருந்து.

தலைப்பில் குறி வந்தால் பொருளடக்கத்துக்கும் பிடிஎஃப் புக்மார்க்குக்கும் போகும். ஆகவே அங்கே உடையாதபடி கட்டளையை நியூடாக்குமென்ட்கமாண்ட் (\NewDocumentCommand) கொண்டு செய்யுங்கள். டெக்ஸார்பிடிஎஃப்ஸ்ட்ரிங் (\texorpdfstring) மூலம் புக்மார்க்குக்கு 1/320 என்ற எழுத்தைக் கொடுங்கள்.

பெரிய ஆபத்து வேறொன்று. எழுத்துருவில் குறி இல்லாவிட்டால் டெக் வழக்கமாக ஓட்டத்தை நிறுத்துவதில்லை. பக்கத்தில் காலியிடமோ வெறும் கட்டமோ நிற்கும், செய்தி ஓட்டத்தைப் பதியும் லாக் கோப்பில் கிடக்கும். யாரும் பார்ப்பதில்லை. ட்ரேசிங்லாஸ்ட்சார்ஸ் (\tracinglostchars) மதிப்பை 3 என்று வைத்தால், டெக் நிரல்களின் தொகுதியான டெக் லைவின் 2021 முதலான பதிப்புகளில், குறி விடுபட்டதும் பிழையாகவே காட்டும். கணக்கு நூல் எதையும் இதை வைக்காமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

யூனிகோடிலும் இல்லாத குறியை மட்டும் வரையுங்கள். நூலில் ஓரிரு முறைதான் வருகிறது என்றால் லேடெக்கில் படம் வரையும் டிக்ஸ் (TikZ) தொகுப்பே போதும். அளவையெல்லாம் மில்லிமீட்டரில் தராமல், எழுத்தின் அளவோடு மாறும் எம் (em) அலகில் தாருங்கள், கோட்டின் தடிமனையும் சேர்த்து. 0.04 எம்-லிருந்து தொடங்கலாம். தடிமனைப் பாயிண்டில் கொடுத்தால் அடிக்குறிப்பில் குறி மட்டும் கறுத்துத் தெரியும். அக்சப் (accsupp) தொகுப்பால் அதற்கு மாற்று எழுத்தையும் பூட்டிவிடுங்கள், தேடலும் நகலும் நடக்கும். பல பக்கங்களில் வரும் குறியை எழுத்துரு செய்யும் ஃபான்ட்ஃபோர்ஜ் (FontForge) மென்பொருளில் எழுத்தாக்கி, யூனிகோடு பொது எழுத்து எதற்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதியில் வைக்கலாம். அப்போதும் மாற்று எழுத்து வேண்டும். இல்லையேல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த உரையை வேறு எழுத்துருவில் திறந்தால் புரியாத எழுத்துகளாகத் தெரிவதுபோல், இங்கும் குறி படிக்க முடியாமல் போகும்.

அடுத்த நூலின் கைப்பிரதியோடு குறிகளின் பட்டியல் ஒன்றையும் கொடுங்கள். குறி, அதன் பெயர், மதிப்பு, முதலில் வரும் பக்கம், 600 டிபிஐ ஸ்கேன் இருந்தால் போதும். இவை அச்சுக்கோப்புத் தொடங்கும் முன் வேண்டும், இரண்டாம் புரூஃபின்போது அல்ல.

இப்படிக்கு,
லேடெக்கில் தமிழ் நூல்கள் அச்சுக்கோப்போர்,
பெங்களூரு