எலைசா அம்மையாருக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கால்டுவெல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1838இல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியது, பிறகு நடந்தே தெற்கே வந்தது, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்ற அவர் நூல் வெளியானது, எல்லாம் சரி. மனைவியைப் பற்றி மட்டும் ஒரே வரி: எலைசா இங்கிலாந்திலிருந்து ரேந்தைத் தொழிலை, அதாவது லேஸ் பின்னும் தொழிலை, கொண்டுவந்தாராம். இருப்பதே ஒரு வரி, அதுவும் தப்பு.

எலைசா 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா சார்லஸ் மால்ட், லண்டன் மிஷன் போதகர். அம்மா மார்த்தா. இருவரும் 1819இல் நாகர்கோவில் வந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தது மார்த்தாதான். அப்படிக் கற்றவர்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. ரேந்தை விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்டவர்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகமும் எலைசா பிறந்த காலத்தில்தான் தொடங்கியது. மிஷன் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் வரலாறு அல்ல, தினம் வாசலில் வந்து நிற்கும் விவகாரம்.

1844இல் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு, திருவிதாங்கூர் எல்லை தாண்டி, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுக்குப் போனார். இடையன்குடியில் அன்று செம்மணலும் பனையும்தான். இதில் இன்னொரு சங்கதி. மாமனார் லண்டன் மிஷன். மருமகனோ அதே மிஷனில் வந்து, அதை விட்டுவிட்டு ஆங்கிலிகன் சபையின் எஸ்.பி.ஜி. மிஷனில் சேர்ந்தவர். நாகர்கோவில் வீட்டில் மாப்பிள்ளை விருந்தில் பேச்சு எப்படி ஓடியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு!

கட்டுரையாளர் விட்டுவிட்ட முக்கியமான விஷயம் தமிழ். கால்டுவெல் இருபது வயதுக்கு மேல் இங்கே வந்து தமிழ் படித்தவர். எலைசாவுக்கோ அது தொட்டில் பிராயத்திலேயே காதில் விழுந்த மொழி. ஒப்பிலக்கணத்தை அவர் எழுதிக்கொடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த நூலை எழுதியவரின் வீட்டில் நாகர்கோவில் தமிழில் வளர்ந்த ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடலாமா? இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததும், அம்மாவிடம் கற்ற ரேந்தையை அங்கே சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவர் மகளும் ஒரு மிஷனரிக்கே, வயட் என்பவருக்கு, வாழ்க்கைப்பட்டார். கால்டுவெல்லின் நினைவுக் குறிப்புகளை 1894இல் பதிப்பித்தது அந்த மருமகன்.

இவ்வளவு வக்காலத்து வாங்கக் காரணம் என் பெரியம்மா. அவரும் நாகர்கோவிலில் பிறந்து இடையன்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர். மத்தியானம் வீட்டுவேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, கல்லுப் போலத் திணித்த தலையணையை மடியில் வைத்து உட்காருவார். மேலே துளையிட்ட அட்டை, அதில் குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாக. குச்சிகள் மாறி மாறி விழும் 'டக் டக்' சத்தம்தான் எங்கள் மத்தியானத் தூக்கத்துக்குத் தாலாட்டு. வேர்வைக் கையால் நூலைத் தொட்டால் அடி நிச்சயம். வெள்ளை நூலில் கறை பட்டால் வியாபாரி கழித்துவிடுவாராம். இது யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "எல்லாம் துரைசானியம்மா காலத்துல வந்தது" என்பார். எந்தத் துரைசானி என்று அவருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையிலாவது தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பெயரை எலைசா கால்டுவெல் என்று மட்டும் போடாமல், மால்ட் வீட்டுப் பெண் என்பதையும் நாகர்கோவிலில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நாகர்கோவில்.